மேருவில் பாடிய ஜப்பானியக் கிறிஸ்துமஸ் பாட்டு

டிசம்பர் பிறந்துவிட்டால் நான் பேரங்காடிகளுக்குள் போவதில்லை. இருபத்தாறு வருடங்களாக அப்படித்தான். ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை இப்போது எல்லா மாடியிலும் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் அவர்கள் நாட்டுக் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுகிறது. முதல் அடியிலேயே அதை அடையாளம் கண்டு முகம் சுளிக்கிற எழுபத்திரண்டு வயதுத் தமிழன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்குத் தெரிந்தவை ஏழு பாட்டுகள். கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். எங்கள் ஜப்பானிய மேலாளர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த கேசட் டிசம்பர் முழுவதும் கேண்டீனில் ஓடும். அந்தப் பாட்டுகளில் ஏசு இல்லை, தேவாலயமும் இல்லை. கிறிஸ்துமஸ் என்றால் அவர்களுக்குக் காதலர்கள் சந்திக்கிற மாலை. ஏழில் ஐந்து பாட்டுகளில் யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். அந்த ஐந்தில் நான்கில் வரவேண்டியவர் வருவதில்லை. இதையெல்லாம் மேலாளரே எனக்கு விளக்கிச் சொன்னார்.

இரண்டாவது பாட்டு எனக்குப் பிடிக்கும். ஒரு பெண் கேக்கை வெட்டாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொற்கள் அழும், பின்னால் மணிச் சத்தம் துள்ளிக்கொண்டு போகும். நான்காவது அதைவிடப் பிடிக்கும். ரயில் நிலையத்தில் ஒருவன் நின்று, இறங்குகிற முகங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். எண்ணுகிறவனுக்கும் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்.

அந்த நான்காவது பாட்டு மேலாளருடைய பாட்டு. வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் கேண்டீனில் விருந்து நடக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு கரோக்கே. ஜப்பானியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு பாட்டு. மேலே இருப்பவரின் பாட்டைக் கீழே இருப்பவர் தொடமாட்டார். அது எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த வருடம் எங்கள் பகுதித் தலைவர் பதவி காலியாகியிருந்தது. நான் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். மேலாளருக்குப் பிடித்த பாட்டை அவர் மொழியிலேயே பாடினால் மனம் குளிர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பெரியவர்களுக்குப் பிடித்ததைச் செய்து காட்டுவதுதானே நமக்கு மரியாதை. சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று நாள் தொழிற்சாலைப் பேருந்தில் முணுமுணுத்தபடி போனேன். பக்கத்து இருக்கையில் என் நண்பன் வருவான். அதே பகுதிதான், என்னைவிட நான்கு வயது இளையவன்.

“அண்ணே, அது பாஸ் பாட்டுலா. மீதி ஆறு இருக்கே, அதுல ஒண்ணப் பாடுங்களேன்.”

“உனக்குப் பொறாமை.”

“எனக்கா? நான் பாடுனா டிரைவர் பஸ்ஸ விட்டுட்டு எறங்கி ஓடிருவான்ணே.”

பாடினேன். கரோக்கே இயந்திரம் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் கொடுத்தது. அன்று அதுதான் அதிகம். அடுத்து மேலாளரின் முறை. ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார், சிரித்தார், தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். பிப்ரவரியில் பதவி என் நண்பனுக்குப் போனது.

அன்றிலிருந்து எனக்கு விளக்கம் ஒன்றுதான். நன்றாகப் பாடியதால் தோற்றேன். என் மனைவி இதை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. கேசட்டின் ஒரு பிரதியை மேலாளர் எனக்குக் கொடுத்திருந்தார். அதை உடைத்துக் குப்பையில் போட்டேன். ஓய்வு பெறும்வரை நண்பனின் கீழேயே வேலை செய்தேன், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல்.

இந்த டிசம்பரில் அவனே போன் செய்தான். இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறானாம். “கிள்ளானுக்கு வாங்கண்ணே, ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம்,” என்றான். அவனும் போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது என்று நினைத்துத்தான் ரயில் ஏறினேன். ரயில் பத்தொன்பது நிமிடம் தாமதம்.

வாழையிலையில் ரசம் ஊற்றும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன். “அன்னைக்கு நான் அந்தப் பாட்டப் பாடாம இருந்திருந்தா, பதவி எனக்குத்தானே வந்திருக்கும்?”

அவன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “பாட்டா? இத்தன வருசமா அதையா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? உங்க உச்சரிப்பு நல்லா இருக்குன்னு பாஸ் என்கிட்டயே சொன்னாருண்ணே. முடிவு நவம்பர்லயே ஆயிருச்சு. ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்ட்டுக் கேட்டாரே, ஞாபகம் இல்ல?”

ஞாபகம் இருந்தது. எதையும் அறிவிக்கும் முன் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் தனித்தனியே கேட்டுவிடுவது அவர்கள் முறை. என்னையும் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, யாருடைய தலைமையில் வேலை செய்ய விருப்பம் என்று கேட்டார். நான் என் தகுதிகளைப் பதினொன்று வரை எண்ணிச் சொல்லிவிட்டு வந்தேன். மற்றவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“நம்ம பகுதில இருந்த இருபத்திரண்டு பேர்ல எத்தன பேரு என் பேரச் சொன்னாங்க?”

“விடுங்கண்ணே, சோறு ஆறுது.”

“எண்ணிக்கையச் சொல்லு.”

“ஒண்ணு. அந்த மலாய்க்கார அக்கா. அவங்க எல்லாரு பேரையும் சொல்லிட்டு வந்தாங்க.”

“நீ?”

அவன் தண்ணீர் குடித்தான். “நானும் சொல்லலண்ணே. கக்கூசுக்குப் போனா எத்தன நிமிசம்னு நோட்டுல எழுதுனீங்க. என் பொண்டாட்டி மாசமா இருந்தப்ப நான் போன் பேசுனதயும் எழுதுனீங்க. ஒங்க கீழ யாருண்ணே இருப்பா?”

நான் எழுதியது உண்மை. ஒரு நிமிடம்கூடக் கூட்டி எழுதியதில்லை. அதைச் சொன்னேன். “அது தெரியும்ணே,” என்றான். அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தான்.

திரும்பும் ரயிலில் அந்தப் பாட்டுகளைக் கைப்பேசியில் தேடினேன். ஏழும் இருந்தன. இரண்டாவதைக் கேட்டேன், நான்காவதைப் பாதி கேட்டேன். அவற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்த பிறகு கேட்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, கேட்டீங்களா? என்ன சொன்னாரு?”

“பாட்டுனாலதானாம்,” என்றேன்.

“அதான் நீங்களே சொல்லிட்டிருக்கீங்களே. இதக் கேக்கவா கிள்ளான் வரைக்கும் போனீங்க?”

ஆமாம் என்றேன்.