இடது பக்கமா, வலது பக்கமா?

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவன் நான். இனப்பெருக்கப் பாடம் வந்தால் மட்டும் "வீட்டுல படிச்சுக்குங்கப்பா" என்று பக்கங்களைப் புரட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்ட வீராதி வீரனுக்குத்தான் விந்துக் குழாயில் அடைப்பு என்று தஞ்சாவூர் டாக்டர் படம் போட்டு விளக்கினார். எப்போதோ வந்துபோன கிருமித் தொற்றாம். உற்பத்தி நன்றாகவே இருக்கிறதாம், வெளியே வரத்தான் வழியில்லையாம். எங்கள் ஊர் வாய்க்கால் கதைதான். மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால், அடைப்பைத் தாண்டிக் குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். பலன் தெரியச் சில மாதம் ஆகும், கிடைக்காமலும் போகலாம் என்றார் டாக்டர்.

திருவாரூர் பக்கத்து எங்கள் ஊரில் "குடலிறக்க ஆபரேஷன்" என்று சொல்லிவைத்தேன். அங்கேதான் வினை. அந்த விஷயத்தில் எங்கள் ஊர் ஆம்பளைகளில் பாதிப் பேர் அனுபவஸ்தர்கள். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து இறங்கிவிட்டார்கள். "எந்தப் பக்கம்டா?" என்றார் சித்தப்பா. இடது என்றேன். பின்னால் வந்த மாமாவிடம் ஞாபகப்பிசகாக வலது என்றேன். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து இதற்காகச் சண்டை போட, நான் காலை அகட்டிக்கொண்டு, தளர்ந்த வேட்டிக்குள் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாமாவோடு வந்திருந்த அத்தை வாயைத் திறந்தார். அவர் மகளுக்கு வளைகாப்பு.

"தம்பி, நீ அவசியம் வந்துடு. ஒம் பொண்டாட்டி வேணாம்ப்பா, சபையில நாலு பேரு நாலு சொல்லுவாங்க." காபி கொண்டுவந்த என் மனைவியைப் பார்த்து, "நீயும் ஒரு நல்ல டாக்டரைப் பாத்திருந்தா இந்நேரம் ஒண்ணு ஓடி வெளையாடும்" என்றார்.

அவள் டம்ளரை நீட்டியபடியே நின்றாள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன முகம். எனக்கு வந்ததே ஒரு கோபம்! அத்தை மேலா, என் மேலேயா, தெரியவில்லை.

"அத்தை, அவளுக்கு ஒரு குறையும் இல்ல. அடைப்பு எனக்கு. விந்துக் குழாயில. அதுக்குத்தான் ஆபரேஷன். குடலாவது, எறக்கமாவது!"

வகுப்பில் ஒருநாளும் வராத குரல் தெருமுனை வரை போயிருக்கும். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பாதான் விடவில்லை.

"அப்ப எந்தப் பக்கம்டா?"

"ரெண்டு பக்கமும் சித்தப்பா!"

எல்லோரும் போனபின் என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். வாத்து மாதிரி நடந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். இத்தனை நாள் அவளைப் பேச்சு வாங்கவிட்டது வெட்கமாக இருந்தது.

"மொதல்ல உக்காருங்க, தையல் பிரிஞ்சிடப் போவுது" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வளைகாப்புக்கு நானும் வரேன். நமக்குக் கொழந்தை வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அந்தப் பொண்ணு கையில நான் வளையல் போடுவேன்."