தட்டோரத்து வேலி

அவர் சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலை தட்டைச் சுற்றி வேலி போடுவதுதான். கேரட் ஒரு பக்கம், பீன்ஸ் ஒரு பக்கம், இடுக்குகளை அடைக்க முட்டைக்கோஸ். கீரை என்றால் கிண்ணத்தோடு எல்லைக்கு அப்பால் போய்விடும். நடுவில் சோறும் வறுத்த மீனும் பத்திரமாக இருக்கும். பஸ்ஸை நூலிழை பிசகாமல் நிறுத்தத்தோடு ஒட்டி நிறுத்துகிற டிரைவர் அல்லவா, வேலியும் அத்தனை சுத்தம். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி இதைப் பார்த்து வருகிறாள். வீணாக்க மனமில்லாமல் வேலியை அவளே சாப்பிட்டுவிடுவாள். இப்படியாக அந்த வீட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு பங்கு சத்து சேர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு வாய் சாப்பிட்டுத்தான் பாருங்களேன்."

"ஆடு மாடு திங்கறதெல்லாம் எனக்கு எதுக்கு? நான் என்ன வண்டி இழுக்கவா போறேன்?"

"ஓட்டத்தானே போறீங்க" என்பாள் அவள், பாத்திரம் கழுவும் தொட்டியிடம். அவள் பேச்சில் பாதி அந்தத் தொட்டிக்குத்தான் கேட்கும்.

வீட்டில் ஒரே கழிப்பறை. காலையில் அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் மற்றவர்கள் ஊர் சுற்றிவிட்டு வரலாம். மகள் பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டு வெளியே நிற்பாள். "அப்பா, உங்க வண்டி இன்னும் டிப்போவை விட்டே கிளம்பலையா?" உள்ளேயிருந்து முனகல்தான் பதில்.

அந்த வருடப் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. டிப்போ டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டுச் சொன்னார்: "காய்கறி, பழம் தினமும் சாப்பிடணும். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா வண்டி தர முடியாது. கேட்லதான் உட்காரணும்."

கேட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் பஸ்ஸுக்குக் கம்பியைத் தூக்கி இறக்குவதா? அதற்குச் செத்துப்போவதே மேல் என்றார் அவர். அந்த ஏற்பாட்டைத்தான் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மறுநாளே திருந்திவிட்டார். காலையில் டப்பா ஜூஸ், அதன் மேல் பெரிய ஆரஞ்சுப் படம். ரொட்டிக்கு ஸ்ட்ராபெர்ரி ஜாம். மீனின் மேல் தக்காளி சாஸ். மாலையில் ஒரு பாக்கெட் சிப்ஸ்.

"இதெல்லாம் காயாங்க?"

"உருளைக்கிழங்கு என்ன, ஃபேக்டரியிலயா விளையுது?"

"மண்ணுலதான் விளையுது. எண்ணெயில குளிச்சுட்டில்ல வந்திருக்கு."

அடுத்த பரிசோதனைக்கு அவளும் கூடப் போனாள். சர்க்கரை இப்போது எட்டிப் பார்க்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

"பழமெல்லாம் சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"தினமும் டாக்டரம்மா. ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி, தக்காளி, உருளை. ஒண்ணு விடறதில்ல."

"அப்ப மாத்திரையைத்தான் கூட்டணும்" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காத மனைவிக்கு, எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது.

"ஆரஞ்சு டப்பா மேல படமா இருக்குங்க. மீதியெல்லாம் பாட்டில்லயும் பாக்கெட்லயும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரித்தார். பிறகு சிரிக்காமல் அவரைக் கேட்டுக்கு அனுப்பினார்.

அன்றிலிருந்து அவர் மனைவியோடு பேசவில்லை.

"அப்பா அம்மாவோட காய் விட்டுட்டாரா?" என்றாள் மகள். "அப்பாடா! ஒரு வழியா அப்பா காயைத் தொட்டுட்டாரு."

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்குப் போகிற வழியில் டிப்போ கேட்டைப் பார்த்தாள். அவருடைய பழைய பஸ்ஸை வேறு ஒருவன் ஓட்டிப் போனான். அவர் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி, பஸ் தெருமுனை திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் வாய்தான் அவரை அங்கே நிறுத்தியது என்று அவளுக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கிச் சோற்றில் கிளறி வைத்தாள். பொறுக்கி ஒதுக்க ஒரு துண்டும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். பேசினால் அவர் தோற்றுவிடுவார். ஆகவே தின்றார். மதிய டப்பாவில் கொய்யாவும் பப்பாளியும் போயின. கேட்டை விட்டு நகர முடியாதவருக்கு வேறு வழியும் இல்லை.

சில வாரங்களில் ஒரு காலை, மகள் பல் துலக்கி முடிப்பதற்குள் கழிப்பறைக் கதவு திறந்தது. "எக்ஸ்பிரஸ்!" என்று கத்தினாள் அவள். அவர் நேராகச் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"நேத்து போட்டியே, அது என்ன காய்?"

"பூசணி."

"பரவாயில்ல."

"பழம் விட்டாச்சு!" என்றாள் மகள்.

மாத்திரையும் காயுமாக மாதங்கள் போயின. டாக்டரம்மா மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஸ்டீரிங் கைக்கு வந்தது; வாய்க்கும் விடுதலை வந்தது. கண்டக்டருக்குத் தினமும் பாடம்தான். "அண்ணே, பீன்ஸ் பத்தி நேத்தே சொல்லிட்டீங்க" என்று அவன் கும்பிட்டாலும் விடுவதில்லை.

இப்போது அவர் பழைய வழித்தடத்திலேயே பஸ் ஓட்டுகிறார். அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன. மாத்திரை ஒன்று தொடர்கிறது. காய்கறியின் அருமையைக் கேட்டில் உட்கார்ந்து தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிவருகிறார். காய் வாங்குவதும் நறுக்குவதும் அவர் மனைவிதான்.