கொரியப் பிள்ளைகள் ஊதிய ஞாயிறு

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு கொரியச் சிறுமிதான் அந்தத் தேவாலய மண்டபத்தில் முதலில் ஊதினாள். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, மட்டைக் குழாயை வாயில் வைத்து, முகம் சிவக்க ஊதினாள். கருவியின் சின்னத் திரையில் கோடு ஏறியது. பக்கத்தில் நின்று "இன்னும், இன்னும்" என்று அவளை உற்சாகப்படுத்துவது என் வேலை. மனதுக்குள் மட்டும், ஏறக்கூடாது கடவுளே என்று மன்றாடிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவில் சிறுவர்களின் நுரையீரலைச் சோதிக்கும் பிரிவொன்றில் நான் ரெக்னீஷியன். எங்கள் டொக்டர் கொரியப் பெண். சிரிப்பதற்குக்கூடக் கணக்குப் பார்ப்பவர். பிள்ளையின் வயதையும் உயரத்தையும் கொடுத்தால், இவ்வளவு ஊதவேண்டும் என்று கருவி ஓர் அளவு சொல்லும். அது வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஊதவைத்து எடுத்த அளவு. கொரியப் பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்று பார்க்க டொக்டர் விரும்பினார். அதனால்தான் ஞாயிறு ஆராதனை முடியும் நேரம், நோயில்லாத பிள்ளைகளைத் தேடி அந்தக் கொரியத் தேவாலயத்துக்குப் போயிருந்தோம்.

அதற்கு முந்திய கிழமை என் மகளை விளையாட்டாக ஊதவைத்திருந்தேன். குறைவாகக் காட்டியது. திரும்பத் திரும்ப ஊதவைத்தும் குறைவுதான். கொஞ்ச நாளாக அவளுக்கு இருமலும் இருந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில் அப்போது நாங்கள் இருந்த வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உது வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர அளவெல்லே. எங்கட பிள்ளைக்கு உது சரிவருமே? நீர் சும்மா பயந்து சாகாதையும்."

நம்பத்தான் எனக்கும் விருப்பம். கொரியப் பிள்ளைகளும் குறைவாக ஊதினால் பிழை அளவில். என் பிள்ளையில் இல்லை. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன். அவர்களோ ஒருவர்பின் ஒருவராக அந்த அளவை எட்டினார்கள், சிலர் தாண்டினார்கள். தாய்மார் கைதட்டினார்கள். ஒரு தாய் கடற்பாசியில் சுற்றிய சோற்றுருண்டையை என் கையில் வைத்தார். அதைக் கையில் வைத்தபடியே அடுத்த பிள்ளையின் பெயரை எழுதினேன்.

"பிள்ளைகள் நன்றாக ஊத ஊத உங்கள் முகம் ஏன் வாடுகிறது?" என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். அழுதும்விட்டேன்.

"இவர்கள் என் ஊர்ப் பிள்ளைகள். இவர்களை வைத்து உங்கள் மகளுக்கு நல்லதும் சொல்லமுடியாது, கெட்டதும் சொல்லமுடியாது. நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

மறுநாள் மகள் ஊதினாள். டொக்டர் மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்தைக் கொடுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஊதவைத்தார். கோடு விறுவிறென்று ஏறியது. மூச்சுக்குழாய் இறுகியிருந்திருக்கிறது, ஆஸ்துமா. "நேற்று அந்தப் பிள்ளைகள் குறைவாக ஊதியிருந்தால் இவளை எப்போது கூட்டி வந்திருப்பீர்கள்?" என்றார் டொக்டர்.

டொக்டர் இப்போது உயிரோடு இல்லை. மகள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் குடும்பமாக இருக்கிறாள். பனிக்காலம் வந்தால் நான் அடிக்கடி போன் எடுப்பேன். "அம்மா, ஐ ஆம் ஃபைன். சும்மா பயப்பிடாதேங்கோ" என்பாள், தகப்பனைப்போலவே. அவள் சொல்வது என் காதில் விழுவதில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை இடத்தில் மூச்சு வாங்கினாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன்.