அடிமயிர் காயவில்லை

பள்ளிவாசல்துறையில் இருபத்திரண்டு வருஷமாகச் சலூன் வைத்திருக்கிறேன். ஈரத் தலையைப் பார்த்தாலே எதுவரை காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன், அல்பிரட்டின் நாய்க்கு நடந்ததில் எனக்கும் பங்குண்டு.

அல்பிரட் எனக்கு அடுத்த வேலிக்காரர். சண்டைக் காலத்தில் முல்லைத்தீவிலிருந்து வந்து இங்கே கடலுக்குப் போகிறவர். ஆளிடம் கதை பேச்சுக் குறைவு. மனைவி மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு அதுவும் நின்றுபோனது. மகள் மதுசா இத்தாலிக்குப் போகும்போது, தான் ஆசையாக வளர்த்த பனிநாட்டு ஹஸ்கி நாய் ரெக்ஸை அவரிடம் விட்டுப் போனாள். ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். “ரெக்ஸைக் காட்டுங்கோ அப்பா” என்பதுதான் முதல் சொல். அப்பாவின் சுகம் கடைசியில், ஞாபகம் வந்தால். நாய் போனால் அந்த அழைப்பும் போய்விடும் என்று அவர் பயந்தார். வாய் விட்டு என்னிடமே சொன்னார்.

ரெக்ஸுக்கு இரண்டு அடுக்கு மயிர். மேலே நீளமாக, அடியில் பஞ்சாக. கத்தரிக்கவே கூடாது, அடிமயிரைச் சீவித்தான் எடுக்க வேண்டும் என்று மதுசா ஓர் இரும்புச் சீப்பும் கொடுத்திருந்தாள். வலையில் சிக்கெடுத்த கைக்கு அது பெரிய வேலையா? முற்றத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சீவுவார்.

ஆனால் பங்குனி வெயில் வந்தது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிளைத்தது. கடல்காரனுக்கு எதற்கும் கடல்தான் மருந்து. காலில் வெட்டுப்பட்டாலும் உப்புத் தண்ணீர்தான். பின்னேரம் தவறாமல் ரெக்ஸைக் கடலில் இறக்கி, கரைக்கு வந்ததும் மேல்மயிரை மினுமினுக்கச் சீவிவிட்டார்.

மேலே காய்ந்திருந்தது, அடியில் காயவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே எனக்கு அது தெரிந்தது, ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும் என்பதும் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் தொடவும் வேண்டி வரும்; எங்கள் மார்க்கப்படி ஈர நாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணும் சேர்க்க வேண்டும். எனக்கேன் வம்பு என்று சும்மா இருந்தேன்.

ஒரு நாள் என் மனைவி நஃபீஸா சொன்னாள். “வேலிப் பக்கம் என்னமோ நாறுது.”

“கருவாடு காயுது.”

“கருவாட்டு வாசம் எனக்குத் தெரியாதா? இது வேற.”

இந்த ஊரில் நாற்றத்தை யார் தேடிப் பார்க்கிறார்கள்? அந்த வாரமே முற்றத்தில் ஈக்கள் கூடின. ரெக்ஸ் இடப்பக்கம் சரிந்து படுப்பதை விட்டது. சீப்பைக் கண்டால் உறுமியது. ஒரு நாள் அல்பிரட்டின் கையைக் கடித்தும்விட்டது. அவர் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனார். ஞாயிறு வந்தபோது நாயின் முகத்தை மட்டும் போனில் காட்டினார்.

“ஏன் அப்பா அவன் எழும்பேல்ல?”

“நித்திரை, பிள்ளை.”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் சலூனைத் திறக்கப் போனேன்.

அடுத்த நாள் காலையில் அல்பிரட் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். அண்ணன் என்ற முறையில் என்னை நானா என்பார். “நானா, உங்கட கத்தரிக்கோலோட ஒருக்கா வாறீங்களா? சீப்பு உள்ள இறங்குதில்ல.”

நான் போனேன். நஃபீஸா வாசலில் வாளித் தண்ணீரும் ஒரு தேங்காய்ச் சிரட்டை மண்ணும் கொண்டுவந்து வைத்தாள்.

நாயின் வாயைக் கட்டக்கூடத் தேவைப்படவில்லை. அவ்வளவுக்குச் சோர்ந்து கிடந்தது. இடது விலாவில் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். அடிமயிர் முழுவதும் ஒட்டி, ஈரச் சாக்குப் போல ஒரே துண்டாகக் கிளம்பியது. கீழே தோல் இல்லை. புழுக்கள் நெளிந்தன.

“அல்லாஹ்வே! ஓட்டோ ஒண்டு பிடிங்க அல்பிரட். பாலாவிப் பக்கம் மிருக வைத்தியர் இருப்பாரு.”

அவர் அசையவில்லை. “நான் குளிப்பாட்டினது அதுக்குச் சுகமா இருக்கட்டும் எண்டுதான், நானா.”

அப்போது போன் அடித்தது. திங்கட்கிழமையில் மதுசா கூப்பிட்டதே இல்லை. அவர் எடுத்து, நாயின் பக்கம் திருப்பப் போனார்.

“அப்பா, அது என்ன கையில? ஏன் இப்பிடி வீங்கியிருக்கு?”

“பிள்ளை, ரெக்ஸ்...”

“ரெக்ஸை விடுங்கோ! முதல்ல கையைக் காட்டுங்கோ.”

அவர் துணியை அவிழ்த்துக் காட்டினார். அவள் அங்கே அழத் தொடங்கினாள், இவர் இங்கே. நான் ரெக்ஸின் விலாவில் கை வைத்தபடி இருந்தேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை, இந்த முறையும் நான் வாய் திறக்கவில்லை.