பதினொரு நேயர் கடிதங்கள்

செகந்திராபாத்தில் எங்கள் பகுதிக்கு மட்டும் கேட்கும் சிறிய வானொலி நிலையம் ஒன்று உண்டு. பாலாநகர்த் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபின் ஞாயிறு காலை அரை மணி நேரம் அதில் தமிழ் இலக்கியம் பேசினேன். அடுத்த அரை மணி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவருடையது. திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கேதான். சர்க்கரை, கால் வீக்கம் என்று எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்.

நிலையம் தன் வடிவத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். முதலில் பேச்சு, பிறகு நேயர் விருப்பம், பிறகு பாட்டுக்கு நடுவே துணுக்குகள். ஒரு மாற்றத்தின்போது நிர்வாகி, தமிழுக்கு இனி அரை மணிதான் என்றார். ஒரு மாதத்தில் வாசல் பெட்டியில் எந்த நிகழ்ச்சிக்கு அதிகக் கடிதம் விழுகிறதோ அது தொடரும்.

எனக்கு வந்தவை இரண்டு. இன்னும் பதினொன்றை நானே எழுதிப் போட்டேன். ஒன்றில் தஞ்சாவூர்த் தமிழ், ஒன்றில் கோவைத் தமிழ். பேனாவையும் கையெழுத்தையும் மாற்றினேன். அவருக்கு வந்தவை ஒன்பது. அவர் நிகழ்ச்சி நின்றது. ஐந்தே மாதத்தில் முழுநேரப் பாட்டு வந்து என்னுடையதும் போயிற்று.

அதன்பின் மார்க்கெட்டில் அவரைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவேன். ஆறு வருடம் அப்படிப் போயிற்று. சென்ற மாதம் கண் மருத்துவமனையில் எங்கள் இருவருக்கும் சொட்டு மருந்து விட்டு, ஒரே பெஞ்சில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். எழுந்து போக வழியில்லை. சொல்லிவிட்டேன்.

"ஹவ், ஆமா அண்ணாச்சி, தெரியும். பெட்டிச் சாவி எங்கிட்டதானே இருந்துச்சு. எனக்கு வந்ததெல்லாம் தெலுங்கு எழுத்துலயும் இங்கிலீஷ் எழுத்துலயும் எழுதின தமிழு. நம்ம பிள்ளைங்க தமிழ்ல எழுதச் சொன்னா நக்கோ, வேண்டாம்ங்குங்க. திடீர்னு பதினோரு பேரு தப்பில்லாம எழுதுதாவளாம்!"

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நான் எதுக்குக் கேக்கணும்? செஞ்சது நீங்க. எத்தன நாளு அழுதேன் தெரியுமா? இதுல என்னப் பாத்ததும் சந்துக்குள்ள வேற ஓடுதீய. வயசான மனுஷன் ஓடுத ஓட்டமா அது?"

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட மட்டும் கேட்டா ஆச்சா? எனக்கு எழுதின ஒம்பது பேருக்கு யாரு சொல்லுவா?"

இப்போது அந்த நிலையத்தில், நேயர்கள் கைபேசியில் பேசி அனுப்புவதை ஒலிபரப்புகிறார்கள். எந்த மொழியானாலும் சரி, இரண்டு நிமிடம். வீட்டுக்கு வந்து, என் பெயரையும் செய்ததையும் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் ஒலிபரப்பானது. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு சாதம் பரிமாறினாள். தமிழ் தெரியாத அறிவிப்பாளர் உற்சாகமாகத் தெலுங்கில் எனக்கு நன்றி சொல்லி, அடுத்த பாட்டைப் போட்டார். வெகுநாளைக்குப் பின் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது செவிலியர் அழைத்தார்.

"கேட்டேன் அண்ணாச்சி. பேசயில நடுநடுவுல மூச்சு வாங்குதே, எப்ப இருந்து? படி ஏறினா மட்டுமா, படுத்தாலுமா?"

ஒவ்வொன்றுக்கும் உள்ளபடி பதில் சொன்னேன்.