ஏஞ்சல் மீனும் பன்னிரண்டு சுற்றுக் காப்பர் காயிலும்

ஏசி மெக்கானிக்குக் காப்பர் டியூப் என்றால் உயிர். நெளியாமல், நசுங்காமல் அதை வளைக்கத் தெரிந்தவன்தான் மெக்கானிக், மற்றவன் ஸ்பானர் தூக்குகிறவன் என்று எங்கள் காலத்தில் சொல்வோம். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் நான் வளைத்ததற்குக் கணக்கே இல்லை. அதில் பன்னிரண்டே சுற்றுச் சுருளாக வளைத்த ஒரு காயிலைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது என்னிடம் வேலை பழக வரும் ஐடிஐ பிள்ளைகள் "அனுபவத்த எழுதுங்க சார்" என்று நச்சரிக்கிறார்கள். சரி, எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், திட்டு வாங்க வேண்டியவன்தான்.

1. மேஜைக் கண்ணாடிக்கு அடியில்

1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் லாரிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி. இன்று அந்தப் பக்கம் போனால் கார் கம்பெனியாக இருக்கிறது. அன்று ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறினால் கேட்டில் இறக்கிவிடும். நான் மெயின்டனன்ஸில் சேர்ந்து மூன்று வருஷம். எல்லோருக்கும் என் பெயர் சண்முகம் என்பது மறந்துபோய் 'ஏசி' என்றே ஆகிவிட்டது.

ஒர்க்ஸ் மேனேஜர் தூத்துக்குடிக்காரர். சிடுமூஞ்சி. ஷாப் ஃப்ளோரில் அவர் ஷூ சத்தம் கேட்டால் பீடி பிடிக்கிறவன் பீடியை விழுங்கிவிடுவான். அப்படிப்பட்ட மனுஷனின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மீன் படம் இருந்தது. ஏஞ்சல் மீன் என்கிற கடல் மீன், பழைய காலண்டரிலிருந்து வெட்டியது. காப்பிப்பொடி நிற உடம்பில் நீல நிறக் கோடுகள் வளைந்து வளைந்து போகும், வால் வெள்ளை. ஏசி ஃபில்டர் கழுவப் போன ஒருநாள் நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சின்னப் பையனா இருக்கும்போது மண்டபம் கடல்ல எங்க மாமா கூடப் போட்ல போயிருக்கேன். தண்ணிக்கடியில இவன் நின்னுட்டு என்னையே பாத்தான். அன்னையிலேந்து ஆசைய்யா. சாகறதுக்குள்ள ஒண்ணு வளக்கணும்" என்றார்.

அவர் 'அது' என்று சொல்லவில்லை, 'இவன்' என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்த மீன் மேல் ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது.

வெளிநாட்டுக் கஸ்டமர்கள் விசிட் வருகிறார்கள், ரிசப்ஷன் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஹெட் ஆபீஸ் எழுதியது. மேனேஜருக்கு அது போதும். ஆறடிக் கண்ணாடித் தொட்டிக்கு ஆர்டர் போய்விட்டது. "தண்ணி, பம்பு, கூலிங் எல்லாம் உன் டிபார்ட்மென்ட்" என்று என் தலையில் கட்டினார். நான் சந்தோஷமாகத் தலையைக் கொடுத்தேன்.

கம்பெனி வேனில் கேன்களை அடுக்கிக்கொண்டு கோவளம் போய்க் கடல் தண்ணீர் பிடித்து வந்தோம். மூன்று ட்ரிப். வேன் டிரைவர், "ஊரெல்லாம் குடிக்கத் தண்ணி இல்லன்னு அழுவுது, இந்தாளு உப்புத் தண்ணிக்கு டீசல் அடிக்கிறாரு" என்று வழி முழுக்கப் புலம்பினார். தொட்டியை நிரப்பி, மீன் இல்லாமல் ஒரு மாதம் பம்பை மட்டும் ஓட்டினோம். மேனேஜர் தினமும் காலையில் வந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார்.

2. அவன் வந்தான்

மூர் மார்க்கெட் பக்கத்தில் மீன் கடை வைத்திருந்த ஒருவர் மூலம் மண்டபத்திலிருந்து வரவழைத்தோம். வாங்கிவர நானே ஜீப்பில் போனேன். பூந்தமல்லி தாண்டும் வரை தெர்மகோல் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினேன். கால் மரத்துப் போனது. என் பெரிய பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இதைப் படித்தால் என் மனைவி கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை.

பாலிதீன் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டோம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் எல்லாம் ரிசப்ஷன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாபா இது, கோடு போட்ட சொக்கா மாட்டிக்கினு கீது!"

"கொழம்பு வெச்சா எத்தினி பேருக்கு வரும்?"

மீன் முதலில் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. பிறகு மெதுவாக முன்னால் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த மேனேஜரை நேருக்கு நேர் பார்த்தது. எங்களிடம் பாதி இங்கிலீஷில் மட்டுமே பேசுகிற அந்த மனுஷன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏலே, வந்துட்டாம்லே! பாத்தியா, வந்துட்டாம்லே!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

3. மேரிக்கா

மூன்று நாள் மீன் ஒன்றும் சாப்பிடவில்லை. மேனேஜர் முகம் தொங்கிவிட்டது. நான்காம் நாள் சாப்பிட வைத்தது மேரிக்கா.

மேரிக்கா கான்ட்ராக்டில் இருந்த ஸ்வீப்பர். குன்றத்தூரில் நான் ஏறுகிற ஸ்டாப்பில்தான் அவரும் ஏறுவார். புருஷன் கல் குவாரியில் கால் நொறுங்கி வீட்டோடு கிடந்தார். மூன்று பெண் பிள்ளைகள். பர்மனென்ட் ஆனால் ஈஎஸ்ஐ கார்டு வரும், புருஷனுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்பதே அவருக்கு இருந்த ஒரே பிரார்த்தனை. பஸ்ஸில் ஜெபமாலை உருட்டுவதும் அதற்குத்தான்.

அவர் குன்றத்தூர் மார்க்கெட்டில் இறால் வாங்கி, உரித்து, அரிசி அளவுக்கு நறுக்கி, விரல் நுனியில் வைத்துத் தண்ணீருக்குள் கையை விட்டு அசையாமல் நின்றார். "வாடா கண்ணு, ஆத்தா குடுக்கறேன்ல" என்றார். அது வந்து விரலிலிருந்து கொத்திக்கொண்டு போனது. அப்புறம் அவர் கை தண்ணீரில் பட்டாலே ஓடிவரும். விரலிடுக்கில் புகுந்து புகுந்து வரும். மேனேஜரே கையை விட்டுப் பார்த்தார், அது பாறைக்குப் பின்னால் போய்விட்டது. ரிசப்ஷனே சிரித்தது, அவரும் சிரித்தார். அன்று சாயங்காலமே பர்சனல் ஆபீஸரைக் கூப்பிட்டு, அடுத்த மாத பர்மனென்ட் லிஸ்டில் மேரி பெயரைப் போடச் சொல்லிவிட்டார்.

அன்று பஸ்ஸில் மேரிக்கா எல்லோருக்கும் ஆளுக்கொரு கமர்கட் கொடுத்தார். "எம் மீனு குடுத்த வேலை தம்பி" என்றார்.

4. என் இன்ஜினியரிங்

கத்திரி வெயில் தொடங்கவே இல்லை, அதற்குள் தொட்டித் தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி. பவர் கட்டில் ரிசப்ஷன் ஏசி நின்றுவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "ஏதாவது பண்ணுய்யா" என்றார் மேனேஜர்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குளிர வைக்க வேண்டுமா, காப்பர் இருக்கிறது. ஸ்டோரில் மூன்றே முக்கால் மீட்டர் டியூப் எடுத்து, பன்னிரண்டு சுற்று, அச்சில் வார்த்த மாதிரி வளைத்தேன். பக்கத்தில் இருந்த வாட்டர் கூலரிலிருந்து ஒரு சின்ன பம்ப் வைத்து, ஐஸ் தண்ணீர் அந்தக் காயிலுக்குள் சுற்றி வரும்படி செய்தேன். காயிலைத் தொட்டிக்குள் இறக்கினேன். பளபளவென்று, பார்க்கவே அழகு.

தரை துடைத்துக்கொண்டிருந்த மேரிக்கா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா தம்பி, இத்தப் போயி உள்ள வுட்டுக்கினு கீற? ஈயம் பூசாத குண்டான்ல புளி ரசம் வெச்சா பச்சையா பூத்துக்கும். உப்புத் தண்ணி மட்டும் சும்மா வுடுமா?"

எனக்குச் சுருக்கென்றது. மெக்கானிக்குக்கு ஸ்வீப்பர் பாடம் எடுப்பதா?

"அக்கா, இது ரசம் இல்ல, ஏசி வேலை. கோயில்ல தீர்த்தமே செம்புலதான் குடுக்கறாங்க. ஒண்ணும் ஆவாது. நீ போயி எறா நறுக்கு."

"நீ தெரிஞ்சவன். சொன்னா சர்தான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் இருபத்தாறு டிகிரி. மேனேஜர் என் முதுகில் தட்டி, "இதுதான்யா இன்ஜினியரிங்" என்றார். சீனியர் டெக்னீஷியன் கிரேடுக்கு என் பெயரை எழுதப் போவதாகவும் சொன்னார். நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் மீன் இறாலைத் தொடவில்லை. நான்காம் நாள் உடம்பைப் பாறையில் தேய்த்தது, செவுள் படபடவென்று அடித்தது. மேரிக்கா கையை விட்டு, "இன்னாடா கண்ணு, இன்னா ஆச்சு" என்று கெஞ்சினார். வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே செக்யூரிட்டி, "ஏசி, மீனு பூட்ச்சிபா" என்றார்.

மீன் ஒருக்களித்துத் தொட்டியின் அடியில் கிடந்தது. கோடுகளின் நீலம் மங்கிவிட்டிருந்தது. எடுப்பதற்காகக் கையை விட்டேன். காயில் முழுக்க வழவழவென்று ஏதோ ஒட்டியது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. குண்டானில் பூக்கிற அதே பச்சை.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மேனேஜர் வருவதற்குள் காயிலைக் கழற்றி, வேஸ்ட் காட்டனில் சுற்றி ஸ்கிராப்பில் போட்டேன். மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரில், 'கூலிங் காயில் கழற்றப்பட்டது' என்று எழுதினேன். பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'தேவையில்லை' என்று எழுதினேன்.

மேனேஜர் வந்தார். மீனை வெள்ளைத் துணியில் வாங்கிக்கொண்டார். பிறகு, "யார் கை வச்சது?" என்றார்.

"மேரிதான் சார் நேத்து கண்ணாடி தொடச்சிது. பினாயில் பக்கெட்டு பக்கத்துல இருந்திச்சி" என்றார் செக்யூரிட்டி.

மேரிக்காவைக் கூப்பிட்டார்கள். "பினாயிலு தரைக்கு சார். கண்ணாடிய வெறுந்துணிலதான் தொடச்சேன். மாதா மேல சத்தியம்."

"தொட்டிக்குள்ள கை விட்டியா?"

"தெனமும் வுடறதுதானே சார். நல்லா கழுவிக்கினுதான் வுட்டேன்."

"எதுல கழுவின?"

"சோப்புல சார்" என்றார் மேரிக்கா.

"சோப்பா?" என்றார் மேனேஜர். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

மேரிக்கா திரும்பி என்னைப் பார்த்தார். டூல் பையைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி தள்ளி நின்றேன். 'சார், அது என் காயில்' என்று நான்கு வார்த்தை. கிரேடு போய்விடும் என்கிற பயம். அதற்கு வேறு பெயர் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டான்.

அந்த வாரம் மீன் கடைக்காரர் வந்து தொட்டியைப் பார்த்தார். "உள்ள எங்கயாச்சும் காப்பரு, பித்தள பட்டுதா? பட்டா கடல் மீனு தாங்காது" என்றார். "இல்லியே" என்றேன். இரண்டாவது முறை பொய் சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. மேனேஜர் வேறு மீன் வாங்கவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியில் பிளாஸ்டிக் செடி வைத்தார்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படமும் போய்விட்டது.

5. கை

கிரேடு ஆர்டர் தீபாவளிக்கு முன்னால் வந்தது. அன்று மாலை குன்றத்தூரில் இறங்கி நேராக மேரிக்கா வீட்டுக்குப் போனேன். மேரிக்கா சித்தாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். கை முழுக்க சிமெண்ட் வெடிப்பு. உள்ளே புருஷன் படுத்திருந்தார்.

"வா தம்பி, குந்து" என்று ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"அக்கா, மீன் உன்னால சாவல. என் காயிலாலதான் செத்துது. நீ சொன்ன மாதிரியே பச்சை பூத்துச்சு."

மேரிக்கா வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சாம்பலைத் தொட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். பக்கத்திலேயே மாடத்தில் சோப்பு இருந்தது.

"எனக்கும் அப்போ அந்தக் கொழாய் மேலதான் டவுட்டு" என்றார். "ஆனா நீதான் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே. நீ தெரிஞ்சவன். அப்போ வேற இன்னா? எங் கையிதான் அத்தக் கொன்னுச்சுன்னு நெனச்சேன். அன்னியிலேந்து சோப்பே தொடல தம்பி நானு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்க்கா."

மேரிக்கா என்னை அடித்திருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். "இருட்டிக்கினு வருது, நீ கெளம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். "அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சேய்யா" என்றார். பிறகு, "நானாவது இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கணும்" என்றார். மேரிக்காவைப் பழைய வேலைக்காவது கூப்பிடும்படி கான்ட்ராக்டரிடம் சொல்லி அனுப்பினார். மேரிக்கா வரவில்லை.

தொழில் பாடம் வேண்டும் என்பவர்களுக்கு: கடல் தண்ணீரில் வெறும் காப்பரை வைக்காதீர்கள். குளிர வைக்க வேண்டுமானால் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்தக் கடைக்காரரும் சொல்லித் தருவார். இன்னொரு பாடம் ரிஜிஸ்டரில் இருக்கிற அந்தக் கட்டம். எது கெட்டாலும் காரணத்தை அன்றைக்கே எழுதுங்கள். உங்கள் பெயர் வந்தாலும் எழுதுங்கள்.

மேனேஜர் அறையிலிருந்து வந்ததும் நான் ஸ்டோருக்குப் போய்ப் பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். 'தேவையில்லை' என்பதை அடித்துவிட்டு, 'காப்பர் காயில். போட்டது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைய தேதியையும் போட வேண்டியிருந்தது. இரண்டு தேதிக்கும் நடுவில் ஏழு மாதம் இருந்தது.