சமையலறைக்குள் வராத முட்டை

கால்வேயில் எங்கள் ஃபிரிட்ஜில் முட்டை பாலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அயர்லாந்து போன புதிதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். பாலசமுத்திரத்தில் எங்கள் வீடு பெருமாளைக் கும்பிடும் வீடு. சனிக்கிழமை முட்டை என்ற பேச்சே எடுக்கக்கூடாது. மற்ற நாளிலும் அது சமையலறைக்குள் வராது. கொல்லைப்புறத்தில் அதற்கென்று ஒரு விறகடுப்பு, துவைக்கிற கல்லுக்கு மேலே ஆணியில் தொங்கும் ஒரு வாணலி. அவ்வளவுதான் அதன் ராஜ்ஜியம்.

இந்த முறை ஊருக்குப் போனபோது என் கணவர் கோனரையும் முதல்முறையாக அழைத்துப் போனேன். அம்மா அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, விருந்தாளியாகவே நடத்தினாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் பேசும்போதும் "அந்தாளு" என்றார். நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சமாதானம் சொன்னேன். உங்கள் வீட்டு நாய்க்கும்தான் தெரியாது, அது என்னிடம் பேசுகிறதே என்றார் கோனர்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருக்கும் தன் கையால் முட்டை செய்து தருகிறேன் என்று அவர் கிளம்பினார். அவர் செய்வது நம் பொடிமாஸ் இல்லை. நிறைய வெண்ணெய் போட்டு, வாணலியை அடுப்பில் வைப்பதும் எடுப்பதுமாகக் கிளறிக்கொண்டே இருந்தால் முட்டை கெட்டித் தயிர் போல வரும். அம்மா வாணலியைக் கையில் கொடுத்துக் கொல்லைப்புறத்தைக் காட்டினாள். சமையலறைக்குள் அனுமதி இல்லை என்று விளக்கினேன். முட்டைக்கா, எனக்கா என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன்.

வேப்பங்குச்சியும் வாயுமாக நைனா அடுப்பருகே வந்து நின்றார். கோனர் வாணலியைத் தூக்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா, பாதியிலயே எறக்கிக்கினு கீறாரு? பச்ச முட்டய துன்றதா?"

நன்றாகக் கிளறுகிறீர்களாம் என்று மொழிபெயர்த்தேன். மகிழ்ந்துபோன கோனர் வாணலியை நைனாவிடமே நீட்டினார். நைனா அதை வாங்கி அடுப்பில் வைத்தார். இவர் எடுத்தார். அவர் வைத்தார். வேகவைக்காமல் விடமாட்டேன் என்று ஒருவர், வேக விடமாட்டேன் என்று இன்னொருவர். அந்த இழுபறியில் முட்டை, கால்வேயில் ஒருநாளும் வராத பதத்துக்கு வந்துவிட்டது.

தட்டில் எடுத்து நீட்டினேன். நைனா ஒரு வாய் போட்டுப் பார்த்தார். மெல்வதற்கு ஒன்றும் இல்லாததை மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் நேராகக் கோனரைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ள, உப்பு பத்தல. கைய கழுவிக்கினு உள்ள போயி எடுத்துக்கினு வாங்க."

இதை மட்டும் ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். கோனர் கை கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே அம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போக நானும் காலைத் தூக்கினேன். கையில் முட்டைத் தட்டு இருந்தது. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன்.